தன்குருதி ஃபைப்ரின் பசை

தன்குருதி ஃபைப்ரின் பசை என்பது அறுவை மருத்துவத்தில் திசுக்களை ஒன்றோடொன்று ஒட்டுவதற்கும், குருதிக் கசிவை நிறுத்துவதற்கும், உடலின் உட்புறத் துளைகளை அடைப்பதற்கும், நோயாளியின் சொந்தக் குருதியில் இருந்தே தயாரிக்கப்படும் ஒரு திசுப் பசை ஆகும். காயம் பட்டவுடன் குருதி இயல்பாக உறையும் நிகழ்வின் இறுதிப் படியை, அறுவை மருத்துவர் தாம் விரும்பும் இடத்தில், விரும்பும் நேரத்தில், இயல்பை விட அடர்த்தியாக நிகழச் செய்வதே இப்பசையின் அடிப்படையாகும்.

ஃபைப்ரின் பசைகள் இரு வகைப்படும். பல கொடையாளர்களின் குருதிநீர்மத்தை ஒன்றாகத் திரட்டித் தொழிற்சாலையில் செய்யப்படுவது ஆயத்தப் பசை. ஒரே நோயாளியின் குருதியில் இருந்து அவருக்காகவே செய்யப்படுவது தன்குருதிப் பசை. முதல் வகை வலிமை மிக்கது. எப்போதும் ஒரே தரத்தில் கிடைப்பது. இரண்டாம் வகையில் பிறர் குருதி வழியாக நோய் தொற்றும் இடர் இல்லை. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்ற கேள்வி, குருதி வழிப் பரவும் வைரசுகளின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்துள்ளது.

பெயர்

குருதி உறையும்போது உண்டாகும் நார் போன்ற புரதம் ஃபைப்ரின் எனப்படும். உறைந்த குருதிக் கட்டியின் சட்டகமாக அமைவது இதுவே. ஒருவருடைய உடலில் இருந்து எடுத்து அவருக்கே பயன்படுத்தப்படும் பொருள் மருத்துவத்தில் தன்னுடற் பொருள் எனப்படும். இவ்வகையில், நோயாளியின் குருதியில் இருந்து எடுத்து அவருக்கே பூசப்படும் ஃபைப்ரின் பசை தன்குருதி ஃபைப்ரின் பசை எனப்படுகிறது. ஃபைப்ரின் அடைப்பி, திசுப் பசை, உயிரியப் பசை ஆகிய பெயர்களும் வழக்கில் உள்ளன.

அறிவியல் அடிப்படை

குருதியில் அணுக்களை நீக்கினால் எஞ்சும் மஞ்சள் நிற நீர்மமே குருதிநீர்மம். அதில் ஃபைப்ரினோஜன் என்னும் கரையும் புரதம் ஒரு லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை உள்ளது. இது கல்லீரலில் உருவாகிறது. காயம் ஏற்படும்போது தொடர்ச்சியான பல வேதிவினைகளின் முடிவில், புரோதிராம்பின் என்னும் புரதம் திராம்பின் என்னும் நொதியமாக மாறுகிறது. அதன் பின்னர் நடப்பவை வருமாறு:

1. திராம்பின், ஃபைப்ரினோஜன் மூலக்கூறின் நடுப்பகுதியில் இருந்து ஃபைப்ரினோபெப்டைடு ஏ, ஃபைப்ரினோபெப்டைடு பி என்னும் சிறு துண்டுகளை வெட்டி நீக்குகிறது.
2. துண்டுகள் நீங்கிய மூலக்கூறுகளின் ஒட்டும் முனைகள் வெளிப்படுகின்றன. அவை பக்கவாட்டிலும் நீளவாட்டிலும் தாமாகவே இணைந்து நார்களாகின்றன. இந்நிலையில் உண்டாகும் வலை மென்மையானது, எளிதில் கரையக்கூடியது.
3. திராம்பின், பதின்மூன்றாம் உறைதற் காரணியையும் முடுக்கிவிடுகிறது. கால்சியத்தின் துணையுடன் இக்காரணி நார்களுக்கு இடையே பங்கீட்டுப் பிணைப்புகளை உண்டாக்குகிறது. வலை உறுதிப்படுகிறது. அதே பிணைப்புகள் ஃபைப்ரினைச் சுற்றியுள்ள திசுவின் புரதங்களோடும் இணைக்கின்றன.

மூன்றாவது படியே இப்பொருளை வெறும் உறைகட்டி என்ற நிலையில் இருந்து பசை என்ற நிலைக்கு உயர்த்துகிறது. ஃபைப்ரின் பசைகள் பெரும்பாலும் இரு கூறுகளாக வைக்கப்படுகின்றன. ஒரு கூறில் ஃபைப்ரினோஜனும் பதின்மூன்றாம் காரணியும் இருக்கும். மறு கூறில் திராம்பினும் கால்சியம் குளோரைடும் இருக்கும். இரண்டும் காயத்தின் மீது கலந்தவுடன் உறைதல் தொடங்குகிறது.

இங்கு இரு விதிகள் நினைவிற் கொள்ளத்தக்கவை. ஃபைப்ரினோஜனின் அடர்த்தி கூடினால் பசையின் வலிமை கூடும். திராம்பினின் அளவு கூடினால் பசை இறுகும் வேகம் கூடும். ஒரு மில்லிலிட்டருக்கு 400 முதல் 600 அலகு வரையிலான திராம்பின் சேர்த்தால் பசை சில நொடிகளில் இறுகிவிடும். சுமார் 4 அலகு மட்டும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை திசுவை நகர்த்திச் சரி செய்யலாம். குருதிக் கசிவை நிறுத்த முதல் வகையும், தோல் ஒட்டினைப் பொருத்த இரண்டாம் வகையும் ஏற்றவை.

ஒட்டிய இடத்தில் இப்பசை நிலையாகத் தங்குவதில்லை. உடலில் உள்ள பிளாஸ்மின் என்னும் நொதியம் ஃபைப்ரினைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஏறத்தாழ இரு வாரங்களில் பசையின் பெரும்பகுதி மறைந்து, அவ்விடத்தில் புதிய திசு வளர்ந்துவிடுகிறது.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

1909 ஆம் ஆண்டில் பெர்கல் என்னும் செருமானிய மருத்துவர், குருதிக் கசிவை நிறுத்த உலர்ந்த ஃபைப்ரின் தூளைப் பயன்படுத்தியது பற்றி எழுதினார். 1915 ஆம் ஆண்டில் கிரே என்பவர் மூளை அறுவையில் ஃபைப்ரின் துண்டுகளைப் பயன்படுத்தினார். இவை ஏற்கனவே உறைந்த ஃபைப்ரினைக் காயத்தின் மீது வைக்கும் முறைகள் ஆகும். காயத்தின் மீதே ஃபைப்ரினை உருவாக்கும் முறை பின்னரே வந்தது. தூய்மைப்படுத்தப்பட்ட திராம்பின் 1930களின் இறுதியில் கிடைக்கத் தொடங்கிய பின் அது எளிதாயிற்று.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுபட்ட படைவீரர்கள் பெருமளவில் மருத்துவமனைகளுக்கு வந்தனர். தீக்காயம் பட்டவர்களும் பலர். 1940 ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டைச் சேர்ந்த ஜே. இசட். யங், பீட்டர் மெடாவர் ஆகியோர், அறுபட்ட நரம்பு முனைகளைத் தைப்பதற்கு மாற்றாகக் குருதிநீர்மத்தை உறையச் செய்து ஒட்டும் முறையை வெளியிட்டனர். மெடாவர் பின்னாளில் உறுப்பு மாற்றத்தின் அடிப்படை குறித்த ஆய்வுக்காக 1960 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

1943 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மாக்டெல்ட் சானோ என்பவர் தோல் ஒட்டுதலுக்கு ஒரு முறையை வெளியிட்டார். நோயாளியின் குருதிநீர்மத்தைப் புண்ணின் மீதும், அவருடைய வெள்ளணுக்களின் சாற்றை ஒட்டப்படும் தோலின் உட்புறத்திலும் தடவி, இரண்டையும் சேர்த்து அழுத்துவது இம்முறையாகும். ஒருவர் குருதியை அவருக்கே பசையாக்கியதால், இன்றைய தன்குருதிப் பசையின் முன்னோடியாக இதனைக் கொள்ளலாம். 1944 ஆம் ஆண்டில் யூஜீன் குரோன்கைட் குழுவினரும், டிட்ரிக், வார்னர் ஆகியோரும் ஃபைப்ரினோஜனையும் திராம்பினையும் சேர்த்துத் தோல் ஒட்டுதலில் பயன்படுத்தினர்.

அதே 1943 ஆம் ஆண்டில் ஜான் டீஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் சிறுநீரகக் கற்களை அகற்ற இந்த வினையைப் பயன்படுத்தினார். சிறுநீரகத்தின் உட்குழியில் ஃபைப்ரினோஜனையும் திராம்பினையும் செலுத்தினால், அங்கு ஒரு வார்ப்பு போல உறைகட்டி உருவாகும். கட்டியை வெளியே இழுக்கும்போது அதில் சிக்கிய சிறு கற்களும் உடன் வந்துவிடும். அதிர்வலை கொண்டு கற்களை உடைக்கும் முறை 1980களில் பரவியதும் இம்முறை வழக்கொழிந்தது.

போர்க்காலப் பசைகளுக்கு வலிமை போதவில்லை. இயல்பான குருதிநீர்மத்தில் ஃபைப்ரினோஜன் குறைவாக இருந்ததே அதற்குக் காரணம். ஒட்டிய இடங்கள் பிரிந்தமையால் மருத்துவர்கள் தையலுக்கே திரும்பினர்.

வியன்னாவில் மறுபிறப்பு

1964 ஆம் ஆண்டில் ஜூடித் பூல் என்னும் அமெரிக்க அறிவியலாளர், உறைய வைத்த குருதிநீர்மத்தை மெதுவாக உருக்கினால் அடியில் தங்கும் வெண்ணிறப் படிவில் எட்டாம் உறைதற் காரணி மிகுதியாக இருப்பதை வெளியிட்டார். குருதி உறையாமை நோயாளிகளுக்கு இது பெரும் வரமாக அமைந்தது. குளிர்வீழ்படிவு எனப்படும் இப்பொருளில் ஃபைப்ரினோஜனும் பதின்மூன்றாம் காரணியும் செறிந்துள்ளன.

1972 ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த எலன் மாட்ராஸ் குழுவினர், குளிர்வீழ்படிவில் இருந்து பெற்ற அடர்ந்த ஃபைப்ரினோஜனைக் கொண்டு நரம்புகளை ஒட்டிக் காட்டினர். போர்க்கால முறையின் குறை இவ்வாறு நீங்கியது. 1970களின் இறுதியில் அந்நகரின் இம்யூனோ நிறுவனம் ஆயத்தப் பசையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஐரோப்பாவில் அது விரைவில் பரவியது.

கல்லீரல் அழற்சி அச்சமும் தன்குருதிப் பசையும்

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறாக இருந்தது. பலரது குருதிநீர்மத்தைத் திரட்டிச் செய்யப்படும் ஃபைப்ரினோஜன் மூலம் கல்லீரல் அழற்சி பரவியதால், 1977-78 காலப்பகுதியில் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அப்பொருளுக்கான உரிமத்தை விலக்கிக்கொண்டது. ஒரு தொகுதியில் ஆயிரக்கணக்கானோரின் குருதிநீர்மம் சேருமிடத்தில், அவர்களுள் ஒருவருக்கு நோய் இருந்தாலும் தொகுதி முழுவதும் மாசுபட வாய்ப்புண்டு.

ஆயத்தப் பசை கிடைக்காத நிலையில், அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மருத்துவமனைக் குருதி வங்கிகளின் துணையுடன் தாமே பசை தயாரிக்கத் தொடங்கினர். முதலில் ஒரே கொடையாளரின் குளிர்வீழ்படிவு பயன்பட்டது. 1980களில் எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சம் எழுந்ததும், நோயாளியின் குருதியையே எடுத்துப் பசை செய்யும் முறை வலுப்பெற்றது. 1998 ஆம் ஆண்டு மே மாதத்தில் டிஸ்சீல் என்னும் ஆயத்தப் பசைக்கு அந்நாட்டில் ஒப்புதல் கிடைக்கும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. தன்குருதிப் பசை குறித்த ஆய்வுகள் பல இக்காலத்தில் எழுந்தவை.

ஜப்பானின் படிப்பினை

மேற்கூறிய அச்சம் வெறும் ஐயம் அன்று என்பதை ஜப்பானின் நிகழ்வுகள் காட்டின. அந்நாட்டில் மிடோரி ஜூஜி நிறுவனத்தின் ஃபைப்ரினோஜன் மருந்து, மகப்பேற்றின்போது ஏற்படும் குருதிப் பெருக்குக்குத் தரப்பட்டதோடு, 1980களில் பிற பொருட்களுடன் கலந்து அறுவைப் பசையாகவும் பயன்பட்டது. 1987 ஆம் ஆண்டில் அவோமோரி மாவட்டத்தில் ஒரு மருத்துவ மனையில் அம்மருந்தைப் பெற்றவர்களிடையே கல்லீரல் அழற்சி கூட்டமாகக் காணப்பட்டது. அதன் காரணி பின்னர் கல்லீரல் அழற்சி சி வைரசு என அறியப்பட்டது. 

பாதிக்கப்பட்டோர் 2002 ஆம் ஆண்டு முதல் அரசின் மீதும் மருந்து நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தனர். 2008 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஜப்பான் நாடாளுமன்றம் இவர்களுக்கான தனி நிவாரணச் சட்டத்தை இயற்றியது. கல்லீரல் இழைநார் வளர்ச்சி அல்லது கல்லீரல் புற்றுநோய் உற்றவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்தினருக்கும் 4 கோடி யென், நீடித்த கல்லீரல் அழற்சி உடையோருக்கு 2 கோடி யென், அறிகுறியற்றோருக்கு 1 கோடியே 20 இலட்சம் யென் என நிவாரணம் வகுக்கப்பட்டது. பசையாகப் பூசப்பட்டு நோயுற்றவர்களும் இச்சட்டத்தின் கீழ் வருகின்றனர். அறுவையின்போது தமக்குப் பசை பூசப்பட்டதை அறியாதிருந்த நோயாளிகள், பல ஆண்டுகளுக்குப் பின் பழைய மருத்துவப் பதிவேடுகளைத் தேடி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது இதன் துயரமான பகுதியாகும்.

தயாரிக்கும் முறைகள்

குளிர்வீழ்படிவு முறை

இதுவே பழைமையானதும் எளிமையானதும் ஆகும். படிகள்:

* நோயாளியிடம் இருந்து அறுவைக்கு முன்பே குருதி எடுக்கப்படுகிறது. உறையாமல் இருக்க அதில் சிட்ரேட் சேர்க்கப்படும். முன்கூட்டித் தன்குருதி வழங்குவோருக்கு ஈமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்குக் குறைந்தது 11 கிராம் இருக்க வேண்டும் என்பதும், வழங்கலுக்கும் அறுவைக்கும் இடையே குறைந்தது 72 மணி நேரம் கழிய வேண்டும் என்பதும் அமெரிக்கக் குருதி வங்கிகளின் நெறிகள்.
* மையவிலக்குக் கருவியில் சுழற்றிச் சிவப்பணுக்களும் குருதிநீர்மமும் பிரிக்கப்படுகின்றன. சிவப்பணுக்களைத் தேவைப்பட்டால் நோயாளிக்கே திரும்பச் செலுத்தலாம்.
* குருதிநீர்மம் உறைநிலைக்கு மிகவும் கீழே குளிர்விக்கப்பட்டுக் கட்டியாக்கப்படுகிறது.
* பின்னர் அது 1 முதல் 6 பாகை செல்சியசு வெப்பநிலையில் மெதுவாக உருக்கப்படுகிறது. ஃபைப்ரினோஜன் செறிந்த பகுதி கரையாமல் வெண்படிவாகத் தங்கும்.
* குளிர்ந்த நிலையிலேயே மீண்டும் சுழற்றி, மேலே உள்ள நீர்மம் அகற்றப்படுகிறது. எஞ்சும் 10 முதல் 15 மி.லி. படிவே பசையின் முதற் கூறு.

ஒரு பை குருதியில் இருந்து கிடைக்கும் படிவில் குறைந்தது 150 மி.கி. ஃபைப்ரினோஜன் இருக்க வேண்டும் என்பது குருதி வங்கிகளின் தர அளவு. அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 மி.கி. ஆகும். டிஸ்சீல் போன்ற ஆயத்தப் பசையில் இது 67 முதல் 106 மி.கி. வரை உள்ளது. தன்குருதிப் பசையின் வலிமை குறைவுக்கு இவ்வேறுபாடே முதன்மைக் காரணம். உறைய வைத்து உருக்குவதை மீண்டும் செய்வதன் மூலமும், படிவின் நீரளவைக் குறைப்பதன் மூலமும் அடர்த்தியை ஓரளவு உயர்த்தலாம்.

வேதி வீழ்படிவு முறைகள்

குளிர்ந்த எதனால், அம்மோனியம் சல்பேட்டு, பாலியெத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தும் குருதிநீர்மத்தில் இருந்து ஃபைப்ரினோஜனைப் படியச் செய்யலாம். இம்முறைகளில் குறைந்த அளவு குருதியும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட காலமும் போதும். ஆயினும், சேர்த்த வேதிப்பொருளின் எச்சம் பசையில் தங்காதவாறு காக்க வேண்டும்.

தானியங்கிக் கருவிகள்

டென்மார்க்கில் உருவான விவோஸ்டாட் என்னும் கருவி நோயாளியின் 120 மி.லி. குருதியில் இருந்து அறுவை அரங்கிலேயே அரை மணி நேரத்துக்குள் சுமார் 5 மி.லி. பசையைத் தருகிறது. இதன் செயல்முறை குறிப்பிடத்தக்கது. இதில் திராம்பின் தனியே சேர்க்கப்படுவதில்லை. தென் அமெரிக்க விரியன் பாம்பின் நஞ்சில் உள்ள பாட்ராக்சோபின் என்னும் நொதியம் ஃபைப்ரினோபெப்டைடு ஏ-யை மட்டும் வெட்டுகிறது. அதனால் உண்டாகும் குறுக்குப் பிணைப்பற்ற ஃபைப்ரின், அமிலக் கரைசலில் கரைக்கப்படுகிறது. நொதியத்துடன் முன்னரே பயோட்டின் இணைக்கப்பட்டிருப்பதால், அவிடின் என்னும் புரதத்தின் மூலம் அதைப் பற்றி நீக்கிவிட முடிகிறது. பூசும்போது ஒரு காரக் கரைசல் உடன் கலக்கிறது. அமிலத்தன்மை நீங்கியதும் ஃபைப்ரின் உடனே மீண்டும் நார்களாக இணைகிறது.

கிரையோசீல் என்னும் மற்றொரு கருவி, குளிர்வீழ்படிவு முறையைத் தானியங்கியாக்கியது. இதில் அதே குருதிநீர்மத்தின் ஒரு சிறு பகுதியில் இருந்து நோயாளியின் சொந்தத் திராம்பினும் தயாரிக்கப்படும். இதற்கு 2007 ஆம் ஆண்டில் கல்லீரல் அறுவையில் பயன்படுத்த ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

சிறுதட்டு செறிந்த ஃபைப்ரின்

2001 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜோசப் சுக்ரூன் மிக எளிய முறை ஒன்றை அறிமுகம் செய்தார். உறைவெதிர்ப்பி எதுவும் சேர்க்காத குழாயில் குருதியை எடுத்து, உடனே பத்து முதல் பன்னிரண்டு நிமிடங்கள் சுழற்ற வேண்டும். அடியில் சிவப்பணுக்கள், மேலே நீர்மம், நடுவில் குருதிச் சிறுதட்டுகளும் வெள்ளணுக்களும் சிக்கிய ஃபைப்ரின் கட்டி என மூன்று அடுக்குகள் கிடைக்கும். நடு அடுக்கை எடுத்து அழுத்தினால் மெல்லிய படலமாகும். பல் மருத்துவத்தில் பல் பிடுங்கிய குழியை நிரப்பவும், ஈறு, எலும்பு அறுவைகளிலும் இது பரவலாகப் பயன்படுகிறது. இதன் ஒட்டும் திறன் குறைவு. ஆனால் சிறுதட்டுகள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகளுக்காக இது விரும்பப்படுகிறது. குருதியை எடுத்தவுடன் சுழற்றாவிட்டால் குழாயிலேயே ஒழுங்கின்றி உறைந்து பயனற்றுப் போகும்.

திராம்பின் சிக்கல்

தன்குருதிப் பசை எனப்படுபவை யாவும் முழுமையாகத் தன்குருதியால் ஆனவை அல்ல. ஃபைப்ரினோஜனை நோயாளியிடம் இருந்து எடுத்தாலும், இரண்டாம் கூறான திராம்பின் நெடுங்காலமாக மாட்டுக் குருதியில் இருந்தே பெறப்பட்டது. அதில் மாட்டின் ஐந்தாம் உறைதற் காரணியும் சிறிது கலந்திருந்தது. சில நோயாளிகளின் உடல் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்கியது. இவை மனிதனின் ஐந்தாம் காரணியையும் தாக்கின. இதனால் குருதியை நிறுத்தப் பூசிய பொருளே, சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துக் கடுமையான குருதிப்போக்குக்குக் காரணமாயிற்று. முன்பு ஒரு முறை மாட்டுத் திராம்பின் பூசப்பட்டவருக்கு மறுமுறை பூசும்போது இந்த இடர் மிகுதி.

இதற்கு மாற்றாக மனிதக் குருதியில் இருந்து பெறப்பட்ட திராம்பினுக்கு 2007 ஆம் ஆண்டிலும், மரபணு மாற்ற நுட்பத்தால் உருவாக்கப்பட்ட திராம்பினுக்கு 2008 ஆம் ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் பிறர் குருதியின் திராம்பினைச் சேர்த்தால், தன்குருதிப் பசையின் முதன்மை நோக்கமே ஓரளவு அடிபடுகிறது. எனவே ஒரு பசையை மதிப்பிடும்போது அதன் இரு கூறுகளும் எங்கிருந்து வந்தவை என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

பூசும் முறை

இரு கூறுகளும் இரட்டைக் குழல் ஊசியில் நிரப்பப்படுகின்றன. இரண்டு உந்துதண்டுகளும் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளதால் ஒரே அழுத்தத்தில் சம அளவு வெளிவந்து முனையில் கலக்கும். துளித்துளியாக இடுதல், காற்று அழுத்தத்தால் தெளித்தல், பஞ்சு போன்ற தாங்கியில் நனைத்து வைத்தல் ஆகிய முறைகள் உள்ளன.

பசை பற்ற வேண்டிய இடம் இயன்றவரை உலர்ந்திருக்க வேண்டும். குருதி பீறிடும் இடத்தில் இட்டால் பசை அடித்துச் செல்லப்படும். ஒட்டும் இடத்தில் மெல்லிய படலமாக இடுவதே சிறந்தது. தோல் ஒட்டின் அடியில் தடித்த படலம் இருந்தால் புதிய குருதிக் குழாய்கள் ஊடுருவுவதற்குத் தடையாகும்.

பயன்கள்

* நரம்பு அறுவை: அறுபட்ட நரம்பு முனைகளை ஒட்டுதல். தையல் நூல் உண்டாக்கும் வடு குறைகிறது.
* மூளை, தண்டுவட அறுவை: மூளையின் வெளியுறையை மூடியபின், மூளைத் தண்டுவட நீர் கசியாமல் தையல் வரிசையின் மீது பூசுதல்.
* இதய, குருதிக்குழாய் அறுவை: தையல் துளைகளில் ஏற்படும் கசிவை நிறுத்துதல்.
* கல்லீரல், மண்ணீரல் அறுவை: இவ்வுறுப்புகள் மென்மையானவை, தையல் போட்டால் கிழியும். வெட்டிய பரப்பு முழுவதும் கசியும் குருதியைப் பசை நிறுத்துகிறது.
* தீக்காயம்: தோல் ஒட்டுகளைப் பொருத்துதல்.
* காது அறுவை: செவிப்பறையில் ஒட்டுத் திசுவை நிலைநிறுத்துதல்.
* பவுத்திரம்: புரைக் குழாயைப் பசையால் அடைத்தல். குதத் தசையை வெட்டத் தேவையில்லை என்பது நன்மை. ஆயினும் புரை மீண்டும் திறப்பது மிகுதியாதலால் இதன் பலன் உறுதியானதன்று.

கண் மருத்துவத்தில்

கண் அறுவைக்குச் சில துளிகள் பசையே போதும் என்பதால் இத்துறையில் அதன் பயன் மிகுதி. வெயிலிலும் புழுதியிலும் உழைப்போருக்கு வெண்விழியில் இருந்து கருவிழி மீது சதை படரும் டெரிஜியம் என்னும் நோய் வருவதுண்டு. அச்சதையை அகற்றிய இடத்தில், அதே கண்ணின் மேற்புறத்தில் இருந்து எடுத்த இமையிணைப் படலத் துண்டு ஒட்டப்படுகிறது. தையலுக்கு மாற்றாகப் பசையைப் பயன்படுத்தினால் அறுவை நேரம் குறைகிறது. நோய் திரும்ப வருவதும் குறைகிறது என்றும், ஆனால் ஒட்டு விலகுதல் போன்ற சிக்கல்கள் சற்று மிகுதி என்றும் 2016 ஆம் ஆண்டில் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது.

ஆயத்தப் பசையின் விலை இவ்வறுவையில் ஒரு தடையாகும். இதற்குத் தீர்வாக, எந்தக் கருவியும் இல்லாத ஒரு முறை பரவியுள்ளது. சதையை அகற்றிய இடத்தில் இயல்பாகக் கசியும் குருதியைத் துடைக்காமல் விட்டு, அதன் மீதே ஒட்டுத் துண்டை வைத்துச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பதே அம்முறை. கசிந்த குருதி உறைந்து தானே பசையாகிறது. 2010 ஆம் ஆண்டில் டி விட் குழுவினர் இதன் முடிவுகளை வெளியிட்டனர். இந்தியக் கண் மருத்துவர்களும் இதனைப் பெருமளவில் கையாண்டுள்ளனர். முதல் ஓரிரு நாட்களில் நோயாளி கண்ணைத் தேய்த்தால் துண்டு விலகிவிடும் என்பதால் கண்கட்டும் கவனமும் தேவை. செலவில்லாத இம்முறை, தன்குருதிப் பசையின் மிக எளிய வடிவம் எனலாம்.

விழிவில்லையைத் தாங்கும் பின்னுறை இல்லாத கண்களில், செயற்கை வில்லையை ஃபைப்ரின் பசையின் துணையுடன் பொருத்தும் முறையைச் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அமர் அகர்வால் 2007 ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் முதன்முதலில் செய்தார். இதில் ஆயத்தப் பசை பயன்படுத்தப்பட்டது. பல நாடுகளில் இம்முறை பின்பற்றப்படுகிறது.

ஆயத்தப் பசையுடன் ஒப்பீடு

தன்குருதிப் பசையின் நிறைகள்:

* பிறர் குருதி வழியாக வைரசு தொற்றும் வாய்ப்பில்லை.
* நோயாளியின் சொந்தப் புரதமாதலால் உடல் அதனை ஏற்றுக்கொள்கிறது.
* குருதி வங்கி உள்ள மருத்துவமனையில், விலை உயர்ந்த கருவிகள் இன்றியும் தயாரிக்கலாம்.

குறைகள்:

* ஃபைப்ரினோஜனின் அடர்த்தி குறைவு. எனவே வலிமையும் குறைவு.
* தரம் ஆளுக்கு ஆள் மாறும். அழற்சி உள்ளவருக்கு ஃபைப்ரினோஜன் கூடுதலாகவும், கல்லீரல் நோயாளிக்குக் குறைவாகவும் இருக்கும்.
* தயாரிக்க நேரம் தேவை. விபத்துக்குள்ளாகிக் குருதி இழந்து வருபவருக்குப் பெரும்பாலும் பயன்படாது.
* குருதிச்சோகை உள்ளோர், குழந்தைகள், குருதியில் பாக்டீரியத் தொற்று உள்ளோர் ஆகியோரிடம் தேவையான அளவு குருதி எடுக்க இயலாது.

ஆயத்தப் பசைகளின் பாதுகாப்பு 1980களுக்குப் பின் பெரிதும் உயர்ந்துள்ளது. கொடையாளர் சோதனை, வெப்பமூட்டல், கரைப்பான் கொண்டு வைரசைச் சிதைத்தல், நுண்வடிகட்டல் ஆகியன இதற்குக் காரணம். கொழுப்பு உறை கொண்ட கல்லீரல் அழற்சி பி, சி வைரசுகளும் எய்ட்ஸ் வைரசும் கரைப்பான்களால் அழிகின்றன. உறையற்ற பார்வோ வைரசு பி19 இவற்றைத் தாங்கக்கூடியது. ஃபைப்ரின் பசை மூலம் இவ்வைரசு தொற்றியது 2000 ஆம் ஆண்டில் மருத்துவ இதழில் பதிவாயிற்று. ஆகவே இடர் மிகச் சிறியது எனலாம்; முற்றிலும் இல்லை எனல் இயலாது.

இடர்கள்

* குருதிக் குழாயினுள் பசையைச் செலுத்தக் கூடாது. உள்ளே சென்றால் உறைகட்டி உண்டாகி உயிருக்கு ஊறு நேரும்.
* காற்றழுத்தத்தால் தெளிக்கும்போது, அழுத்தம் மிகுந்தாலோ முனை திசுவுக்கு மிக அருகில் இருந்தாலோ குருதிக் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகலாம். இதனால் இறப்புகள் நேர்ந்ததை அடுத்து, 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.
* பசை விரைவில் கரையாமல் இருக்க அப்ரோட்டினின் என்னும் பொருள் சில பசைகளில் சேர்க்கப்படுகிறது. மாட்டு நுரையீரலில் இருந்து பெறப்பட்ட அப்ரோட்டினின் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்.
* தன்குருதிப் பசை தயாரிக்கும்போது தூய்மை தவறினால் பாக்டீரியம் கலக்கக்கூடும்.
* பைகளின் பெயர்ச்சீட்டு மாறினால் ஒருவர் குருதி மற்றவருக்குச் செல்லும். தன்குருதி என்ற நம்பிக்கையால் இச்சரிபார்ப்பில் தளர்ச்சி கூடாது.

பிற திசுப் பசைகள்

சயனோஅக்ரிலேட்டு வகைப் பசைகள் ஃபைப்ரினை விடப் பன்மடங்கு வலிமையானவை. 1998 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெர்மாபாண்டு இவ்வகையைச் சேர்ந்தது. இவை தோலின் மேற்புற வெட்டுகளை மூட ஏற்றவை. மாட்டு ஆல்புமினையும் குளூட்டரால்டிகைடையும் சேர்த்துச் செய்யப்படும் பசை பெருந்தமனி அறுவையில் பயன்படுகிறது. பாலியெத்திலீன் கிளைக்காலால் ஆன செயற்கை அடைப்பிகளும் உள்ளன. ஃபைப்ரின் பசை இவை எல்லாவற்றிலும் வலிமை குறைந்ததாயினும், உடல் தானே உருவாக்கித் தானே கரைக்கும் பொருளாக இருப்பது அதன் தனிச் சிறப்பு. தையலுக்கு முழு மாற்றாக அன்றி, தையலுக்குத் துணையாகவும், தையல் போட இயலாத இடங்களிலும் அது பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* குருதி உறைதல்
* குருதிநீர்மம்
* குருதிச் சிறுதட்டுகள்
* குருதிக்கொடை
* கல்லீரல் அழற்சி சி
* தோல் ஒட்டுதல்